கிட் டிஃபால்ட் செட்டிங்: மூன்று நாற்காலி அலுவலகத்துக்கு எது ஒத்துவரும், எது ஒத்துவராது

காரைக்குடிப் பக்கம் மென்பொருள் வேலை என்றால் செக்காலை ரோட்டிலோ கல்லுக்கட்டியிலோ மாடியில் ஓர் அறை, மூன்று நாற்காலி, மூலையில் சர்வராக ஒரு பழைய டெஸ்க்டாப். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஸ்டாக் கணக்கு, கண்டாங்கிச் சேலைக் கடைக்கு வெப்சைட், நகைக்கடைக்கு பில்லிங் என்று ஓடும். இல்லையென்றால் கல்லூரி லேப்: ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒரு பேட்ச், மதியம் இன்னொரு பேட்ச். இந்த இரண்டு இடங்களையும் மனதில் வைத்துத்தான், கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகக் காத்து வைக்கும் கிட்டை இங்கே எடை போடுகிறோம். இன்ஸ்டால் செய்த கையோடு, ஒரு செட்டிங்கையும் தொடாமல் வேலையை ஆரம்பித்தால் எங்கே இடிக்கும் என்று பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் சொந்த மெஷினில் கிட் ஓரளவு ஜாக்கிரதையான ஆள். பொதுவான சர்வரிலும் பொதுவான கம்ப்யூட்டரிலும் ஊரையே நம்பிக் கதவைத் திறந்து போட்டுவிடுகிறது. மென்பொருளுக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். கூடவே வரும் செட்டிங்குக்கு இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை.

இதற்குக் காரணம் அது பிறந்த இடம். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக எழுத ஆரம்பித்தது இது. அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்த மெஷின், சொந்த ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும் பெட்டகம்). அடுத்தவர் ரெப்போவுக்குள் யாரும் புஷ் செய்வதில்லை, அதாவது தன் மாற்றத்தைத் தள்ளுவதில்லை. மாற்றத்தை மட்டும் ஒரு ஃபைலாக்கி மெயிலில் அனுப்புவார்கள், அல்லது ‘என் ரெப்போவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பார்கள். அந்த வீட்டுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. நம் ஊர் அலுவலகத்தில் ஒரே ரெப்போவுக்கு மூன்று பேர் புஷ் செய்கிறோம்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். செட்டிங் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசத்தைக் கிட் பார்ப்பதில்லை. நடுவில் வரும் புள்ளி மட்டும் விட்டுப்போகக் கூடாது.

சர்வர்: இங்கேதான் மார்க் குறைகிறது

மூலையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் ‘கிட் இனிட் --பேர்’ (bare) போட்டு ரெப்போ உருவாக்குகிறீர்கள். வேலை ஃபோல்டர் இல்லாமல் வரலாறு மட்டும் இருக்கும் ரெப்போ இது. வெள்ளிக்கிழமை பில்லிங் பார்ப்பவர் மூன்று கமிட் (குறிப்போடு பதிந்த மாற்றம்) புஷ் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை வந்ததை இன்னும் எடுக்காத வெப்சைட் பார்ப்பவர், தான் வியாழனன்று கடைசியாகப் புஷ் செய்த கமிட்டின் குறிப்பில் எழுத்துப்பிழை இருப்பதைப் பார்த்து, கடைசிக் கமிட்டைத் திருத்தி எழுதும் ‘கமிட் --அமெண்ட்’ கொடுக்கிறார். புஷ் செய்தால் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’ (சர்வரில் இருக்கும் புதியதை முதலில் எடுத்துக்கொள்) என்று கிட் மறுக்கிறது. நெட்டில் தேடினால் முதல் பதில் ‘-எஃப் சேர்த்துப் போடு’ என்கிறது, அதாவது ஃபோர்ஸ், வலுக்கட்டாயமாகத் தள்ளு. போடுகிறார், போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை வந்த மூன்று கமிட்டும் சர்வரின் மெயின் பிராஞ்சில் (வரலாற்றின் முதன்மைக் கிளை) இப்போது இல்லை. கிட் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

‘ரீஃப்லாக் இருக்கிறதே, மீட்டுவிடலாம்’ என்பார்கள். இல்லை. பிராஞ்ச் எப்போது எந்தக் கமிட்டுக்கு நகர்ந்தது என்று குறித்து வைக்கும் அந்தக் கணக்கு, வேலை ஃபோல்டர் உள்ள ரெப்போவில்தான் தானாக ஓடும். ‘--பேர்’ போட்ட ரெப்போவில் டிஃபால்டாக அது அணைந்திருக்கும். கணக்கு அவசியமாக இருக்க வேண்டிய ஒரே இடத்தில் கணக்குப்பிள்ளைக்கு லீவு கொடுத்துவிட்டார்கள்.

புது ரெப்போ என்றால் ஆரம்பிக்கும்போதே ‘கிட் இனிட் --பேர் --ஷேர்ட்=குரூப்’ என்று போடுங்கள். குழுவுக்கு எழுதும் அனுமதி கிடைப்பதோடு, ‘ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ்’ என்பதும் தானாக ட்ரூ ஆகிவிடும். அதன்பின் -எஃப் போட்டாலும் சர்வர் ஏற்காது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ரெப்போ என்றால் சர்வரில் அந்த ஃபோல்டருக்குள் போய் ‘கிட் கான்ஃபிக்’ கட்டளை போட்டு மூன்றைக் கையால் மாற்ற வேண்டும்: மேலே சொன்னது ட்ரூ, ‘ரிசீவ்.டினைடிலீட்ஸ்’ ட்ரூ, பிராஞ்சை அழித்துவிட்டுப் புதிதாகப் புஷ் செய்யும் குறுக்குவழியை இது அடைக்கும்; ‘கோர்.லாக்ஆல்ரெஃப்அப்டேட்ஸ்’ ட்ரூ, கணக்குப்பிள்ளை வேலைக்குத் திரும்புவார். ‘ரிசீவ்.எஃப்எஸ்சிகேஆப்ஜெக்ட்ஸ்’ என்பதையும் ட்ரூ ஆக்கினால் உடைந்த தரவு உள்ளே வருவதற்கு முன்பே சோதிக்கப்படும். பழைய வரலாற்றில் கோணல் ஏதாவது இருந்தால் அந்தப் புஷ்ஷும் மறுக்கப்படும் என்பதால், இதைப் புது ரெப்போவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த டெஸ்க்டாப்புக்குள் எஸ்எஸ்எச்சில் (வேறு மெஷினிலிருந்து லாகின் செய்யும் வழி) புகுந்து கட்டளை அடிக்க முடிந்தவர் இந்தச் செட்டிங்குகளையும் மாற்ற முடியும். புஷ், புல் (சர்வரில் இருப்பதை எடுத்துத் தன்னுடையதோடு சேர்ப்பது) மட்டும் செய்ய வேண்டியவர்களின் லாகின் ஷெல்லை (உள்ளே வந்ததும் கட்டளை வாங்கும் புரோகிராம்) ‘கிட்-ஷெல்’ என்று மாற்றினால் இந்த ஓட்டையும் அடைபடும்.

ஏற்கெனவே கமிட் காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம். எந்தப் பிராஞ்சிலும் ஒட்டாத கமிட்டைக் கிட் உடனே அழிக்காது. டிஃபால்டாக இரண்டு வாரம் கழித்துத்தான் துப்புரவில் போகும், அதுவும் துப்புரவு ஓடினால். சர்வரில் ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ ஓட்டுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் கமிட்டுகளின் ஹேஷ், அதாவது அடையாளக் குறியீடு, வரும். அதில் சரியானதைப் பிடித்து ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்று எழுதிப் பக்கத்தில் ஹேஷைக் கொடுத்தால் பிராஞ்சாகத் திரும்பி வரும். அதைவிடச் சுலபம், வெள்ளிக்கிழமை புஷ் செய்தவரின் மெஷின். அவர் புல் செய்வதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

புஷ் செய்யும் பக்கத்தில், -எஃப் இடத்தில் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ பழகிக்கொள்வது நல்லது. கடைசியாக நான் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால் மட்டும் மாற்று என்பது இதன் பொருள். இதிலும் ஒரு பொத்தல் உண்டு. எடிட்டரில் தானாக ஃபெட்ச் செய்யும் வசதியை ஆன் செய்திருந்தால், நீங்கள் கண்ணால் பார்க்காததையும் கிட் ‘பார்த்ததாக’ எடுத்துக்கொண்டு வழிவிட்டுவிடும். 2020 டிசம்பரில் வந்த 2.30 பதிப்பு முதல் ‘புஷ்.யூஸ்ஃபோர்ஸ்இஃப்இன்க்ளூட்ஸ்’ ட்ரூ என்று வைத்தால் அந்தப் பொத்தலும் தைக்கப்படும்.

சொந்த சர்வர் வேண்டாம், ஆன்லைனில் வைத்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு: கிட்லேப் முதன்மைப் பிராஞ்சைத் தானே பாதுகாப்பில் வைத்துத் தருகிறது, ஃபோர்ஸ் புஷ்ஷை ஏற்காது. கிட்ஹப்பில் பிராஞ்ச் பாதுகாப்பை நீங்கள்தான் போய் ஆன் செய்ய வேண்டும். இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போவுக்கு அந்த வசதி கிடையாது. டிஃபால்ட்டை மட்டும் பார்த்தால் எங்கள் ஓட்டு கிட்லேபுக்கு.

கரன்ட் போனால்

மாதப் பராமரிப்பு மின்தடைக்கு முன்னறிவிப்பு வரும். மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்குப் போவதற்கு வராது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கமிட் செய்த நொடியில் கரன்ட் போனால், திரும்ப ஆன் செய்யும்போது ‘ஆப்ஜெக்ட் ஃபைல் ஈஸ் எம்ப்டி’ என்று கிட் கதறும். கமிட்டின் தரவைத் தனித்தனிக் குட்டி ஃபைலாக எழுதும் கிட், அவை டிஸ்க்கில் உண்மையில் இறங்கும்வரை டிஃபால்டாகக் காத்திருப்பதில்லை. வேகத்துக்காக அந்த வகையை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஃபைல் பெயர் இருக்கும், உள்ளே பூஜ்யம் பைட். விண்டோஸ் பதிப்பில் இது டிஃபால்டாகவே சரியாக இருக்கிறது, சிக்கல் லினக்ஸில்.

2022 ஏப்ரலில் வந்த 2.36 முதல் ‘கோர்.எஃப்சிங்க்’ (core.fsync) என்ற செட்டிங் உண்டு. அதை ‘ஆல்’ என்று வையுங்கள். அதற்கு முந்தைய பதிப்பில் ‘கோர்.எஃப்சிங்க்ஆப்ஜெக்ட்ஃபைல்ஸ்’ ட்ரூ. பழைய ஹார்ட் டிஸ்க்கில் கமிட் கொஞ்சம் மெதுவாகும். மூன்று பேர் அலுவலகத்தில் அந்தத் தாமதத்தை யாரும் உணரப்போவதில்லை. ஏற்கெனவே காலி ஃபைல் விழுந்துவிட்டதென்றால், முழு ஃபோல்டரையும் முதலில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பூஜ்யம் பைட் ஃபைல்களை மட்டும் நீக்கி, சர்வரிலிருந்து ஃபெட்ச் செய்து, கடைசியில் ‘கிட் எஃப்எஸ்சிகே’ ஓட்டிப் பாருங்கள்.

பொதுக் கம்ப்யூட்டர்: யார் பெயரில் யார் வேலை

லேபில் முதலில் உட்கார்ந்தவர், அந்த லாகின் முழுவதற்கும் பொருந்தும் ‘--குளோபல்’ போட்டுத் தன் பெயரையும் மெயிலையும் கொடுத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு வரும் அத்தனை பேரின் கமிட்டும் அவர் பெயரில்தான் விழும். பெயரே கொடுக்காவிட்டாலும் சில சமயம் கிட் கம்ப்யூட்டர் பெயரையும் யூசர் பெயரையும் ஒட்டி ஒரு மெயிலை ஊகித்துக்கொள்ளும். மார்க் போடும் ஆசிரியருக்கு அந்த வரலாற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரியான வழி: லேப் பொறுப்பாளர் ஒரே ஒரு முறை அட்மின் லாகினில் ‘கிட் கான்ஃபிக் --சிஸ்டம் யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி ட்ரூ’ என்று கொடுத்துவிட்டு, குளோபலில் இருக்கும் பெயர், மெயில் இரண்டையும் நீக்க வேண்டும். அதன்பின் ஊகம் நின்றுவிடும். ஒவ்வொரு மாணவரும் தன் ரெப்போவுக்குள் போய் ‘--குளோபல்’ இல்லாமல் பெயர் கொடுத்தால்தான் கமிட் நடக்கும். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும்.

பெயரைவிடப் பெரிய ஆபத்து பாஸ்வேர்ட். விண்டோஸ் இன்ஸ்டாலர் கூடவே கிரெடென்ஷியல் மேனேஜரைப் போடுகிறது. அது பாஸ்வேர்டுக்குப் பதிலான டோக்கனை அந்த விண்டோஸ் லாகினின் பெட்டகத்தில் வைக்கும். சொந்த லேப்டாப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. முப்பது பேருக்கும் ‘ஸ்டூடண்ட்’ என்ற ஒரே லாகின் என்றால், காலை பேட்ச்சின் கிட்ஹப் கணக்கில் மதிய பேட்ச் புஷ் செய்யும். எழும்புவதற்கு முன் கன்ட்ரோல் பேனல், கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று போய், ‘கிட்:’ என்று ஆரம்பிக்கும் வரியை நீக்கச் சொல்லிக்கொடுங்கள். நிரந்தரத் தீர்வு என்றால் ஆளுக்கொரு விண்டோஸ் லாகின்தான்.

லினக்ஸ் லேபில் ‘கிரெடென்ஷியல்.ஹெல்பர் ஸ்டோர்’ என்று நெட்டில் பார்த்து வைத்தால் பாஸ்வேர்ட் வெறும் டெக்ஸ்டாக ஹோம் ஃபோல்டரில் கிடக்கும், அதே லாகினில் உட்காரும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ‘கேஷ்’ என்று வையுங்கள். மெமரியில் மட்டும் இருக்கும், டிஃபால்டாக 900 விநாடியில் மறந்துவிடும். ஐம்பது நிமிட வகுப்புக்கு ‘--டைம்அவுட்=3000’ போதும்.

பென்டிரைவும் நட்சத்திரக் குறியும்

2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொருவர் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் கிட் வேலை செய்ய மறுக்கிறது. ‘டியூபியஸ் ஓனர்ஷிப்’ என்ற செய்தி வரும். பென்டிரைவில் ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி, ஏனென்றால் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வகை டிரைவில் உரிமையாளர் என்ற விவரமே பதிவதில்லை. குறிப்பிட்ட பாதையை அனுமதிக்கும் கட்டளையை அந்தச் செய்தியே சொல்லிக்கொடுக்கும். நேற்று ‘ஈ’ டிரைவாக இருந்தது இன்று ‘எஃப்’ ஆகிவிட்டால் அந்த அனுமதி செல்லாது. அலுத்துப்போய் ‘சேஃப்.டைரக்டரி’ என்பதற்கு நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் அனுமதித்துவிடுகிறார்கள்.

அதைச் செய்யாதீர்கள். ரெப்போவுக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ‘கோர்.எஃப்எஸ்மானிட்டர்’ என்று எழுதி எதிரில் ஒரு புரோகிராமின் பெயரைக் கொடுத்துவிட்டால், நீங்கள் வெறும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்தாலே அது ஓடும். பிராஞ்ச் பெயர் காட்டும் டெர்மினல் என்றால் பல சமயம் அடிக்கக்கூட வேண்டாம், ஃபோல்டருக்குள் நுழைந்தாலே போதும். ஊரெல்லாம் சுற்றி வரும் பென்டிரைவுக்கு இந்த நம்பிக்கை கொடுக்க முடியாது. இது கிட் சரியாக எடுத்த முடிவு. தொல்லையாக இருந்தாலும் மார்க் தருகிறோம்.

பென்டிரைவில் கொண்டுபோக வேண்டியதென்றால் ‘கிட் பண்டில் கிரியேட் ஸ்டாக்.பண்டில் --ஆல்’ என்று கொடுங்கள். எல்லாப் பிராஞ்சும் வரலாறும் ஒரே ஃபைலில் வரும். கான்ஃபிக், ஹுக் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) எதுவும் கூட வராது. மறுபக்கம் அந்த ஃபைலிலிருந்தே குளோன் செய்து, முழு ரெப்போவாக நகல் எடுத்துக்கொள்ளலாம். தேவகோட்டைக்கோ கானாடுகாத்தானுக்கோ நெட் இல்லாத பட்டறைக்கு எடுத்துப்போக இதைவிட வசதி இல்லை.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

‘விலை’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, உள்ளே ஒரு ஃபைலும் போட்டுவிட்டு ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்துப் பாருங்கள். திரையில் வருவது இது:

"\340\256\265\340\256\277\340\256\262\340\257\210/"

வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று நான்கு குறியீடு. ஒன்றுக்கு மூன்று பைட். ஒரு பைட்டுக்கு நான்கு எழுத்து. ஆக இரண்டெழுத்துச் சொல்லுக்கு நாற்பத்தெட்டு எழுத்து. ஆங்கிலம் அல்லாத எழுத்தையெல்லாம் இப்படி மறைத்துக் காட்டுவதுதான் டிஃபால்ட். இதை அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. எந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று படிக்கவே முடியாதபோது ஆட்கள் ‘கிட் ஆட்’ போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து எல்லாவற்றையும் சேர்த்துவிடுவார்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைலும் அதோடு போகும். ‘கோர்.கோட்பாத்’ (core.quotePath) என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். டெர்மினலில் கொம்பும் காலும் கொஞ்சம் தள்ளி நிற்கலாம், ஆனால் படிக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். ‘கொட்டான்’ என்ற பெயரில் முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இரண்டு வேறு ஃபைல். மேக்கில் ‘கோர்.பிரிகம்போஸ்யூனிகோட்’ இதைப் பார்த்துக்கொள்ளும். மற்றவற்றில் தட்டச்சுக் கருவி எதைத் தருகிறதோ அதுதான். எங்கள் பரிந்துரை: ஃபைல் பெயர் ஆங்கிலத்தில், தமிழ் எல்லாம் ஃபைலுக்குள்ளே.

மற்றவை

புல்: 2021 அக்டோபரில் வந்த 2.33.1 முதல், இரண்டு பக்கமும் வரலாறு பிரிந்திருந்தால் கிட் நின்று ‘எப்படிச் சேர்க்க’ என்று கேட்கிறது. நல்ல மாற்றம். விண்டோஸ் இன்ஸ்டாலரில் கண்ணை மூடி நெக்ஸ்ட் கொடுத்தால் அந்தக் கேள்விக்கு ‘மெர்ஜ் செய்’ என்ற பதிலை அதுவே எழுதிவிடுகிறது. அந்தத் திரையில் மூன்றாவதான ‘ஒன்லி எவர் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’ (வரலாறு பிரியாமல் இருந்தால் மட்டும் முன்னே நகர்த்து) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள் என்றால் ‘புல்.எஃப்எஃப்’ என்பதற்கு ‘ஒன்லி’.

வரி முடிவு: விண்டோஸில் டிஃபால்டாக ஒவ்வொரு வரி முடிவும் விண்டோஸ் பாணிக்கு மாறும். அந்த ஃபோல்டரை அப்படியே லினக்ஸ் சர்வருக்குக் காப்பி செய்தால் ஷெல் ஸ்கிரிப்ட் ‘பேட் இன்டர்பிரெட்டர்’ என்று நின்றுவிடும். ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் எல்லாவற்றுக்கும் ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’, ஷெல் ஸ்கிரிப்டுக்கு ‘இஓஎல்=எல்எஃப்’, விண்டோஸின் ‘.பேட்’ (.bat) ஸ்கிரிப்டுக்கு ‘இஓஎல்=சிஆர்எல்எஃப்’ என்று மூன்று வரி எழுதி கமிட் செய்யுங்கள். கான்ஃபிக் குளோனோடு வராது, இந்த ஃபைல் வரும்.

கமிட் செய்யாத வேலை: ‘ரீசெட் --ஹார்ட்’ கேட்காமல் அழிக்கும், ரீஃப்லாக்கின் கெடு (டிஃபால்டாக 90 நாள், பிராஞ்சிலிருந்து அறுந்த கமிட்டுக்கு 30 நாள்) இதற்குப் பொருந்தாது, அது கமிட்டுக்கு மட்டும். இந்த இடத்தில், அதே 2005-ல் பிறந்த, கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்யூரியல் மேல். அதன் ‘ரிவர்ட்’, மாற்றிய ஃபைலை ‘.ஆரிஜ்’ என்று ஒரு நகல் வைத்துவிட்டுத்தான் பழையதைக் கொண்டுவரும். ஏற்கெனவே பகிர்ந்த கமிட்டைத் திருத்தவும் விடாது. இன்னொரு போட்டிக் கருவியான சப்வெர்ஷனில் கமிட் குறிப்பைப் பின்னால் திருத்துவதற்கே சர்வரில் தனியாக ஒரு ஹுக் எழுதி வைத்தால்தான் முடியும். டிஃபால்ட்டை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் கிட் மூன்றாம் இடம். கற்றுக்கொடுக்க ஆளும் வேலைவாய்ப்பும் கிட்டில்தான் என்பதால் அதையே வாங்கச் சொல்கிறோம். வாங்க என்ன இருக்கிறது, இலவசம்தான்.

கடைசியாக ஒரு பொறி. தனக்குத் தெரியாத செட்டிங் பெயரைப் பார்த்தால் கிட் குறை சொல்லாது, பேசாமல் தாண்டிவிடும். உபுண்டு என்ற லினக்ஸின் 20.04-ல் இருப்பது கிட் 2.25, 22.04-ல் 2.34, 24.04-ல் 2.43. 22.04 ஓடும் சர்வரில் ‘கோர்.எஃப்சிங்க்’ எழுதினால் ‘சரி’ என்பதுபோல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒன்றும் நடக்காது. முதலில் ‘கிட் --வெர்ஷன்’ பாருங்கள். பிறகு ‘கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்’ அடித்தால் எந்தச் செட்டிங் எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று வரிவரியாகக் காட்டும். அந்தப் பட்டியலை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து சர்வர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.